பாலஸ்தீன மக்களுக்காகப் பேசினா "அப்ப நீ ஹமாஸ் பக்கமா"ன்னு கேக்குறாங்க, எப்படிப் பேசறது?

உங்க கேள்விய மூணு தடவ படிச்சேன். மேலோட்டமா பாத்தா, ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிக்கிற ஒரு தமிழ்ப் பொண்ணு காஸா மக்களுக்காக ஒரு போஸ்ட் போடலாமா, போட்டா விசாவுக்குப் பிரச்சனை வருமான்னு கேட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க. "குழந்தைங்க சாகுறத பத்தி வாயத் தொறந்தாலே அக்டோபர் 7 உனக்கு ஓகேவான்னு கேக்குறாங்க, பதில் சொல்லத் தெரியாம ரெண்டு மாசமா வாய மூடிட்டு இருக்கேன்"னு. உங்கள அரிச்சுட்டு இருக்குற கேள்வி அதுதான்னு எனக்குப் படுது. ஒரு பக்கத்து மக்களுக்காக அழுதா இன்னொரு பக்கத்து சாவுக்கு சம்மதம்னு ஆயிடுமா? ஆகாது. ஏன் ஆகாதுங்கறத கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

நான் பதினாறு வருஷமா சட்டக் கல்லூரில போர்க்காலச் சட்டம் எடுக்குறேன். ஜெர்மன் வக்கீல் கிடையாது, அதனால விசா பத்தி ஓரளவுதான் சொல்லுவேன். ஆனா சண்டை நடக்குறப்ப யார தொடக்கூடாது, எத செய்யக்கூடாதுங்கறது என் தினசரி வேலை.

வகுப்புல வருஷா வருஷம் ஒண்ணு பண்ணுவேன். நெஜமா நடந்த சம்பவங்கள நாடு பேரு, ஊர் பேரு, மதம் எல்லாத்தையும் எடுத்துட்டு அட்டைல எழுதிக் குடுப்பேன். போன வருஷம் மூணு அட்டை. முதல்ல, விடிகாலைல ஆயுதத்தோட வந்தவங்க வீடு வீடா பூந்து, பதுங்கு அறைல இருந்த குடும்பங்கள கொன்னு, வயசானவங்களயும் பச்சக் குழந்தைங்களயும் பிணையாத் தூக்கிட்டுப் போறாங்க. ரெண்டாவது, சுடப்பட்ட ஒரு காருக்குள்ள செத்துப்போன சொந்தக்காரங்க நடுவுல ஆறு வயசு கூட நெறையாத பொண்ணு ஒண்ணு மணிக்கணக்கா போன்ல "என்ன வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு பேசிட்டு இருக்கு, வழி அனுமதி வாங்கிட்டு ஒரு ஆம்புலன்ஸ் கிளம்புது, பன்னெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணோட உடம்பும் ஆம்புலன்ஸ்ல போன ரெண்டு பேரோட உடம்பும் கெடைக்குது. மூணாவது, இருபது லட்சம் பேர் இருக்குற இடத்துக்கு பதினோரு வாரம் சாப்பாடு, மருந்து, எரிபொருள் எதுவும் உள்ள விடல.

பசங்க ஒருத்தர் கூட தடுமாறல. மூணும் தப்பு, மூணும் விசாரிக்கப்பட வேண்டிய குற்றம்னு பேப்பர்ல எழுதிட்டாங்க. அப்புறம் பேரு சொன்னேன். முதலாவது 2023 அக்டோபர் 7, இஸ்ரேல்ல இருக்குற பெயேரி, நிர் ஓஸ் மாதிரி கிப்புட்ஸ்ங்கற கூட்டுறவு ஊர்கள்ல ஹமாஸ் பண்ணது. ரெண்டாவது 2024 ஜனவரி 29, காஸா நகரத்துல ஹிந்த் ரஜப்ங்கற பொண்ணுக்கு நடந்தது. மூணாவது 2025 மார்ச் 2ல இருந்து மே 19 வரைக்கும் இஸ்ரேல் காஸாவ முழுசா மூடி வெச்சது. பேரு தெரிஞ்ச உடனே வகுப்புல "ஆனா சார்..."னு ஆரம்பிச்சிடுச்சு. சிலருக்கு முதல் அட்டைக்கு ஒரு "ஆனா", சிலருக்கு மத்த ரெண்டுக்கு. அஞ்சு நிமிஷம் முன்னாடி அவங்களே எழுதின பேப்பர் கைல இருக்கு. உங்கள்ட்ட வந்து "அப்ப அக்டோபர் 7?"னு கேக்குறவங்கள்ட்ட இருக்குறதும் இதே "ஆனா"தான். நாம அத நம்ம வாய்ல எடுத்துக்காம இருந்தா போதும், பதில் தானா வந்துடும்.

சட்டத்துல இது எங்க இருக்குன்னு கேட்டா, 1949ல ஜெனீவால போட்ட நாலாவது உடன்படிக்கை, பொதுமக்களப் பாதுகாக்குறதுக்குன்னே எழுதினது. இஸ்ரேல், இந்தியா, ஜெர்மனி எல்லாம் அதுல இருக்கு. அதுல 33ஆவது பிரிவு, ஒருத்தர் பண்ணாத குத்தத்துக்கு அவர தண்டிக்கக்கூடாது, கூட்டமா எல்லாரையும் சேத்து தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது. 34ஆவது பிரிவு ஒரே வரி, பிணைக்கைதி பிடிக்கிறது தடை. ரெண்டும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா ஒரே பக்கத்துல இருக்கு. 34ஐ சொல்லி இஸ்ரேல் பிணைக்கைதிங்களுக்காகப் பேசுற ஒருத்தர், கண்ண கொஞ்சம் மேல தூக்கினா 33 இருக்கும். 33ஐ சொல்லி காஸாவுக்காகப் பேசுற நாமளும் கொஞ்சம் கீழ பாக்கணும். அன்னிக்கு 1,200 பேர் வரைக்கும் செத்தாங்க, 251 பேர பிடிச்சுட்டுப் போனாங்க. இத சொன்னா காஸாவுக்காக நீங்க பேசறது ஒரு துளி கூட கொறையாது, நான் சொல்றத நம்புங்க.

அடுத்து உங்கள்ட்ட வரப்போற கேள்வி, "ஹமாஸ் மக்கள் நடுவுல ஒளிஞ்சுக்குது, அப்ப வேற வழி?" ஒளிஞ்சுக்குறது தப்பு, அது ஹமாஸ் மேல இருக்குற தனி குற்றம். ஆனா அவன் ஒளிஞ்சதால பக்கத்து வீட்டு அம்மா பொதுமக்கள் இல்லன்னு ஆகிடாது. ஆஸ்பத்திரிய போராளிங்க பயன்படுத்தினா அதோட பாதுகாப்பு போகலாம், அதுவும் முன்கூட்டி எச்சரிக்கை குடுத்து, அவகாசம் குடுத்து, அத மதிக்காம போனதுக்கு அப்புறம்தான். அப்பவும் கெடைக்கிற ராணுவ பலனுக்கு மீறின உயிர்ச்சேதம் வரும்னு தெரிஞ்சா அடிக்கக்கூடாது. இதெல்லாம் எந்தத் தரப்புக்கும் புதுசா கண்டுபிடிச்ச விதி இல்ல, எல்லா ராணுவப் பயிற்சிலயும் சொல்லிக்குடுக்குறதுதான்.

இப்ப எது உறுதி, எது இன்னும் முடிவாகாததுன்னு பிரிச்சுக்கறது முக்கியம், ஏன்னா ஒரு தப்பான தகவல ஷேர் பண்ணிட்டீங்கன்னா நீங்க சொன்ன மத்த ஒன்பது நெஜத்தையும் அதக் காட்டியே ஒதுக்கிடுவாங்க. நீங்க எழுதி வெச்சிருக்குற நாலு வரி டிராஃப்ட கேள்வியோடயே போட்டிருந்தீங்க இல்ல, அதையே எடுத்துக்குவோம்.

உங்க முதல் வரி, "யூதங்க எல்லாரும் கொலைகாரங்க". இத மொத்தமா எடுத்துடுங்க. கோவத்துல எழுதினீங்கன்னு புரியுது, ஆனா இது 33ஆவது பிரிவு தடுக்குற அதே மனசு, ஒருத்தர் பண்ணதுக்கு எல்லாரையும் சேக்குறது. நீங்க இருக்குற நாட்டுல இதுக்குன்னு ஒரு வரலாறும் இருக்கு, அத நான் சொல்ல வேண்டியதில்ல. 2023 அக்டோபர் 18 விடிகாலைல பெர்லின்ல ஒரு யூத வழிபாட்டுத் தலத்த நோக்கி பெட்ரோல் குண்டு வீசினாங்க. அதே மாசம் அமெரிக்காவுல இல்லினாய்ல ஆறு வயசு பாலஸ்தீன-அமெரிக்கப் பையன வீட்டு ஓனரே குத்திக் கொன்னான். ரெண்டுமே "எல்லாரும்"ங்கற வார்த்தைல இருந்து பொறந்தது. இஸ்ரேல் அரசு, அந்த ராணுவம், அந்த அமைச்சர், அந்த உத்தரவு, இப்படி யார் பண்ணாங்களோ அவங்க பேர சொல்லுங்க.

ரெண்டாவது வரி, "ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டு 500 பேர கொன்னாங்க". நீங்க சொல்றது 2023 அக்டோபர் 17 அல்-அஹ்லி ஆஸ்பத்திரி. அந்த ராத்திரி உலகமே அப்படித்தான் சொல்லிச்சு. ஆனா அதுக்கு அடுத்த மாசம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கற மனித உரிமை அமைப்பு, கெடைச்ச ஆதாரத்த வெச்சுப் பாத்தா பாலஸ்தீன ஆயுதக்குழுக்கள் பயன்படுத்துற மாதிரியான ராக்கெட் ஒண்ணு தவறி விழுந்ததா தெரியுது, முழு விசாரணை வேணும்னு சொல்லிச்சு. எத்தன பேர் செத்தாங்கங்கறதுலயும் கணக்கு ஒத்துப்போகல. அதனால இத விட்டுட்டு சந்தேகமே இல்லாதத எடுத்துக்கோங்க. 2025 ஆகஸ்ட் 25, கான் யூனிஸ்ல நாசர் ஆஸ்பத்திரி. முதல் அடி விழுது, மீட்க ஆளுங்களும் படம் எடுக்க பத்திரிகையாளர்களும் அந்தப் படிக்கட்டுல ஏறுறாங்க, அதே இடத்துல திரும்ப அடி விழுது. இருபது பேருக்கு மேல செத்தாங்க, அதுல அஞ்சு பேர் பத்திரிகையாளர்கள். அடிச்சது நாங்கதான்னு இஸ்ரேலே ஒத்துக்கிச்சு, நெதன்யாகு அத "துயரமான தவறு"ங்கற மாதிரி சொன்னார். யாரும் மறுக்க முடியாத இப்படி ஒண்ணு இருக்குறப்ப சந்தேகத்துக்குரிய இன்னொண்ணு எதுக்கு? ஹிந்த் ரஜப் விஷயத்துல கூட, எங்க படை அங்க இல்லன்னு இஸ்ரேல் ராணுவம் சொன்னது, சாட்டிலைட் படமும் போன் பதிவும் வெச்சு வாஷிங்டன் போஸ்ட் மாதிரி பத்திரிகைங்க படை அங்க இருந்துச்சுன்னு காட்டினது, ரெண்டையும் சேத்து சொன்னா இன்னும் அழுத்தமா இருக்கும்.

சாவு எண்ணிக்கைக்கு வர்றேன், ஏன்னா சண்டை அதுலதான் அதிகம். காஸா சுகாதார அமைச்சகக் கணக்கு 2025 நவம்பர் கடைசில 70,000ஐ தாண்டிச்சு. "அது ஹமாஸ் கணக்கு"ன்னு சொல்லுவாங்க. அமைச்சகம் ஹமாஸ் நிர்வாகத்துக்குக் கீழதான் இருக்கு, உண்மை. ஆனா அவங்க பேரு, வயசு, அடையாள எண்ணோட பட்டியல் வெளியிடுறாங்க, 2008-09லயும் 2014லயும் ஐ.நா. தனியா எண்ணினப்ப ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போச்சு. 2025 ஜனவரில லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, 2024 ஜூன் கடைசி வரைக்கும் காயத்தால மட்டும் 64,260 பேர் செத்திருக்கலாம்னு கணக்கு போட்டுச்சு, அது அமைச்சகம் சொன்னத விட ரொம்பவே அதிகம். அமைச்சகக் கணக்கு போராளி யாரு, பொதுமக்கள் யாருன்னு பிரிக்காது, இது நீங்க ஒத்துக்க வேண்டிய குறை. அதனால "70,000 பொதுமக்கள்"னு எழுதாதீங்க, "70,000க்கு மேல மக்கள், அதுல ஆயிரக்கணக்குல குழந்தைங்க"ன்னு எழுதுங்க. 2024 மே மாசம் ஐ.நா. அட்டவணைல அடையாளம் தெரிஞ்ச உடல்கள மட்டும் தனியா 24,686னு போட்டத பாத்துட்டு "ஐ.நா.வே கணக்க பாதியாக்கிடுச்சு"ன்னு ஒரு புரளி ஓடிச்சு, யாராவது அத கொண்டு வந்தா இதுதான் விஷயம், மொத்தக் கணக்கு அப்பவும் 34,000க்கு மேலதான்.

மூணாவது வரி, "இது இனப்படுகொலை". இங்கதான் நான் வகுப்புல ரொம்ப நேரம் நிப்பேன். தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 இஸ்ரேல் மேல சர்வதேச நீதிமன்றத்துல வழக்கு போட்டுச்சு, 2024 ஜனவரி 26 இடைக்கால உத்தரவு வந்துச்சு. நெறைய பேர் "இனப்படுகொலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு எழுதுறாங்க, அது சரியில்ல. பாலஸ்தீனர்களுக்கு இனப்படுகொலைல இருந்து பாதுகாப்பு கேக்குற உரிமை இருக்குன்னு சொல்றது ஏத்துக்கக்கூடியது, அந்த உரிமைக்கு சீர்செய்ய முடியாத ஆபத்து இருக்கு, அதனால இஸ்ரேல் இன்னின்னத செய்யணும்னு சொன்னாங்க. இறுதித் தீர்ப்பு வர வருஷங்கள் ஆகும். அதுக்காக அந்த வார்த்தைய சொல்லவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். 2025 ஜூலைல இஸ்ரேலோட சொந்த மனித உரிமை அமைப்பு பெத்செலெம் இது இனப்படுகொலைன்னு அறிக்கை விட்டுச்சு. செப்டம்பர் 16 ஐ.நா. விசாரணைக் குழுவும் அதே முடிவுக்கு வந்துச்சு. அப்ப அந்தக் குழுத் தலைவரா இருந்த நவநீதம் பிள்ளை, டர்பன்ல ஒரு பஸ் டிரைவர் மகளா பொறந்த தமிழ் வம்சாவளி நீதிபதி, ருவாண்டா தீர்ப்பாயத்துல ஒரு சர்வதேச நீதிமன்றம் குடுத்த முதல் இனப்படுகொலைத் தண்டனைய எழுதின அமர்வுல இருந்தவர். இதே குழுதான் 2024 ஜூன்ல அக்டோபர் 7 அன்னிக்கு ஹமாஸும் மத்த குழுக்களும் போர்க்குற்றம் பண்ணினாங்கன்னும் எழுதிச்சு. உங்கள்ட்ட "ஒரு தலைப்பட்சம்"னு யாராவது சொன்னா அந்த ரெண்டு அறிக்கையையும் காட்டுங்க. இஸ்ரேல் அரசு இனப்படுகொலைங்கறத முழுசா மறுக்குது, அதையும் சொல்லிடுங்க. "ஐ.நா. விசாரணைக் குழு இனப்படுகொலைன்னு முடிவு பண்ணியிருக்கு"ன்னு எழுதினா அது தகவல், யாரும் அசைக்க முடியாது.

ஜெர்மனி விஷயம். அமைதியான, முன்கூட்டி பதிவு பண்ணின பேரணிக்குப் போறது அங்க சட்டப்படி உரிமை. ஆனா 2023ல இருந்து நெருக்கடி அதிகம். ஜோர்டான் நதில இருந்து மத்தியதரைக் கடல் வரைக்கும் பாலஸ்தீனம்ங்கற அர்த்தத்துல சொல்ற "நதியில இருந்து கடல் வரை"ங்கற கோஷத்த 2023 நவம்பர்ல உள்துறை அமைச்சகம் ஹமாஸ் தடை உத்தரவோட சேத்துப் போட்டுச்சு, அப்புறம் கோர்ட்டுங்க ஒண்ணுக்கொண்ணு மாறி மாறி தீர்ப்பு குடுத்திருக்கு, நீங்க மாணவ விசால இருக்குறப்ப அந்த சோதனை உங்க மேல நடக்க வேண்டாம். பெர்லின்ல சில கூட்டங்கள்ல ஜெர்மன், இங்கிலீஷ் தவிர வேற மொழில கோஷம் போடக்கூடாதுன்னு போலீஸ் நிபந்தனை போட்டாங்க. பல்கலைக்கழகப் போராட்டத்துல சம்பந்தப்பட்டதா சொல்லி 2025ல நாலு வெளிநாட்டவங்கள வெளியேறச் சொன்னாங்க, அதுல ஒருத்தருக்காவது கோர்ட் தடை குடுத்துச்சு. இதுக்கு மேல உங்க நிலைமைக்கு என்னங்கறத அங்க இருக்குற குடியேற்ற வக்கீல்ட்ட கேளுங்க, மாணவர் சங்கத்துல பெரும்பாலும் இலவச ஆலோசனை கெடைக்கும். பயப்படுறது கோழைத்தனம் இல்ல. அமெரிக்காவுல ஒரு மாணவப் பத்திரிகைல மத்தவங்களோட சேந்து கட்டுரை எழுதினதுக்காக டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவி ஒருத்தர 2025 மார்ச்ல தெருவுல மடக்கிக் கூட்டிட்டுப் போய் ஆறு வாரத்துக்கு மேல அடைச்சு வெச்சிருந்தாங்க. உங்க பயத்துக்கு காரணம் இருக்கு. பேரணிக்குப் போகாம வேற விதத்துல பேசினா அதுவும் பேச்சுதான்.

தர்பூசணி படம் ஏன் எல்லாரும் போடுறாங்கன்னும் கேட்டிருந்தீங்க. 1967 போருக்கு அப்புறம் ஆக்கிரமிச்ச பகுதில பாலஸ்தீனக் கொடிய இஸ்ரேல் ராணுவம் தடை பண்ணி வெச்சிருந்துச்சு. 1980ல ரமல்லால ஓவியர்கள் வெச்ச ஒரு கண்காட்சிய மூடினாங்க. அந்தக் கொடியோட நிறமான சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளை சேத்து வரையக் கூடாதுன்னு அதிகாரி சொன்னப்ப, அந்த நிறத்துல ஒரு பூ வரஞ்சா என்னன்னு ஒரு ஓவியர் கேட்டாராம், தர்பூசணி வரஞ்சாலும் பறிமுதல்தான்னு பதில் வந்துச்சாம், அங்க இருந்த ஸ்லிமான் மன்சூர்ங்கற ஓவியர் இத சொல்லியிருக்கார். நாப்பது வருஷம் கழிச்சு அதே பழம் போன்ல வருது, ஏன்னா பாலஸ்தீனம்னு நேரா போட்டா போஸ்ட் காணாம போயிடுதுன்னு ஜனங்க கண்டுபிடிச்சாங்க. 2023 அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசத்துல இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்ல நீக்கப்பட்ட அல்லது முடக்கப்பட்ட 1,050 சம்பவங்கள ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பாத்துச்சு, அதுல 1,049 அமைதியான பாலஸ்தீன ஆதரவுப் பேச்சு. உங்க ஸ்டோரிய யாரும் பாக்கலன்னு நெனச்சு மனசு ஒடிஞ்சிடாதீங்க.

"நான் ஒருத்தி பேசினா குண்டு நிக்குமா"ங்கறதுக்கு நேர்மையா சொன்னா, நிக்காது. ஆனா கூட்டமா பேசினப்ப அசைஞ்ச இடங்கள் இருக்கு. 2024 ஏப்ரல் 1, காஸாவுல சாப்பாடு குடுத்துட்டு இருந்த வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்ங்கற உதவி அமைப்போட ஆளுங்க ஏழு பேர் இஸ்ரேல் தாக்குதல்ல செத்தாங்க, உலகம் கொந்தளிச்சுது, நாலாம் தேதி பைடன் நெதன்யாகுட்ட பேசின சில மணி நேரத்துல வட காஸாவுக்குள்ள போற ஏரெஸ் எல்லை வழிய திறக்குறோம்னு இஸ்ரேல் அறிவிச்சுது. அதுக்கு முன்னாடியே இருநூறுக்கு கிட்ட உதவிப் பணியாளர்கள், பெரும்பாலும் பாலஸ்தீனர்கள், செத்திருந்தாங்க, அப்ப இந்த வேகம் இல்ல. இத எழுதுறப்ப இப்பவும் நெஞ்சு எரியுது. 2025 ஜூலைல எலும்பும் தோலுமா குழந்தைங்க படம் வெளிய வந்தப்புறம் உள்ள போற உதவி லாரிகள் கொஞ்சம் கூடுச்சு, ஆகஸ்ட் 8 ஜெர்மனியே காஸாவுல பயன்படக்கூடிய ஆயுத ஏற்றுமதிய நிறுத்துறேன்னு சொல்லி நவம்பர் வரைக்கும் நிறுத்தி வெச்சுது. மக்கள் குரலாலதான்னு நிரூபிக்க முடியாது. குரலே இல்லாம நடந்திருக்கும்னு நான் நம்பல.

இன்னொண்ணு, இஸ்ரேலுக்குள்ளயே பேசுறவங்கள பாருங்க. 2025 மார்ச்ல போர்நிறுத்தம் உடைஞ்சதுல இருந்து டெல் அவிவ்ல சனிக்கிழமை ராத்திரி சிலர் வரிசையா நிப்பாங்க, கோஷம் கிடையாது, கைல ஒரு மெழுகுவத்தி, ஒரு காஸா குழந்தையோட படம், கீழ பேரு, எங்க எப்ப செத்துச்சுங்கறது, அவ்ளோதான். போறவங்க திட்டுவாங்க, சிலர் நின்னு ஒவ்வொரு படமா பாத்துட்டுப் போவாங்க. விவியன் சில்வர்னு ஒரு அம்மா, பெயேரில இருந்தவங்க, 74 வயசு, காஸா நோயாளிங்கள எல்லைல இருந்து இஸ்ரேல் ஆஸ்பத்திரிக்கு கார்ல கூட்டிட்டுப் போற வேலைய செஞ்சவங்க. அக்டோபர் 7 அன்னிக்கு அவங்கள வீட்டுலயே கொன்னாங்க. அடையாளம் கண்டுபிடிக்கவே அஞ்சு வாரம் ஆச்சு. அவங்க மகன் அதுக்கு அப்புறமும் சமாதானம் வேணும்னுதான் மேடை ஏறுறார். உங்கள்ட்ட யாராவது திரும்ப "அக்டோபர் 7 ஓகேவா"ன்னு கேட்டா இந்த அம்மா கதைய சொல்லுங்க, "ஓகே இல்ல, காஸால நடக்குறதும் ஓகே இல்ல, ரெண்டையும் ஒரே காரணத்துக்காக சொல்றேன்"னு முடிச்சுக்கோங்க. அதுக்கு மேல அவர் வாதம் பண்ணினா நீங்க ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிட்டு இருக்கணும்னு இல்ல.

உங்க நாலாவது வரிய கடைசிக்கு வெச்சிருந்தேன். "காஸா குழந்தைங்களுக்கு சோறு போக விடுங்க". இதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22 காஸா நகரப் பகுதில பஞ்சம்னு ஐ.பி.சி.ங்கற பன்னாட்டு உணவு நிலை அமைப்பு உறுதி பண்ணிச்சு, அதுக்கு முன்னாடி வருஷக்கணக்குல அவங்க அந்த வார்த்தைய சொன்ன இடங்கள கைவிரல்ல எண்ணிடலாம். போர்நிறுத்தம் அக்டோபர் 10 வந்தப்புறமும் சாவு நிக்கல, போதுமான லாரியும் போகலன்னு ஐ.நா. சொல்லிட்டே இருந்துச்சு. இந்த வரிய முதல்ல வைங்க, அதுக்கு அடியில அந்த தேதிய போடுங்க, அதுக்கு அடியில நாசர் ஆஸ்பத்திரி, அதுக்கு அடியில பிள்ளை குழு. ஜெர்மன்ல எழுதுறீங்கன்னா அங்க பொறந்து வளந்த யாராவது ஒருத்தர்ட்ட ஒரு தடவ படிக்கக் குடுத்துட்டுப் போடுங்க, ஒரு சொல்லு அங்க வேற அர்த்தத்துல கேக்கலாம். தமிழ்ல போடுறதா இருந்தா இங்கயே ஒட்டுங்க, நாளைக்கு மதியம் வகுப்பு முடிஞ்சதும் பாத்துச் சொல்றேன்.